தகரம் போயிற்று, தழும்பு?

தொழிலாளிக்கு வயிறு உண்டு என்பதை நாட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். தோளும் முதுகும் உண்டு என்பதை வேலை வாங்குகிறவன் நம்மைவிட நன்றாக அறிவான். மனம் உண்டா? அங்கேதான் பேச்சு நின்றுவிடுகிறது! மனச்சோர்வு, மனக்கலக்கம், தூக்கமின்மை இவையெல்லாம் மாடிவீட்டுக்காரருக்கு வரும் நோய்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு வருவது காய்ச்சலும் இடுப்புவலியும்தான் என்று ஒரு நினைப்பு. இந்த நினைப்பு அவர்களிடம் மட்டும் இருந்தால் நாம் இதை எழுத வேண்டியதில்லை. நம்மிடமும் இருக்கிறது, தோழர்களே!

கொரோனா ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. தெருவை அடைத்த தகரம் எப்போதோ போயிற்று. முகக்கவசம் மறந்தே போயிற்று. ஆனால் சங்க அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து, போனஸ் பாக்கியைப் பற்றிப் பேசத் தொடங்கி, பேச்சின் நடுவே, “அந்த வருஷத்துக்கு அப்புறம் எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல, அண்ணே” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கும் தோழர்களை நாம் இன்றும் காண்கிறோம். முகம் பார்த்துச் சொல்ல வெட்கம். போனஸைக் கேட்க வெட்கமில்லாதவன், தூக்கம் வரவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறான். ஏன்?

நடந்ததை முதலில் நினைத்துப் பார்ப்போம்.

2020 மார்ச் 24. அன்று மாலை 6 மணிக்கே தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். நான்கு மணி நேரம்! ஓர் ஆலையை மூடுவதென்றால்கூட அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டி நாள் கணக்குச் சொல்லவேண்டும். ஒரு நாட்டை மூட நான்கு மணி நேரம் போதும் என்று அன்று தெரிந்துகொண்டோம்.

நோய்க்குத் தனிமை தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. மறுப்பது மூடத்தனம். தொற்றுநோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவும்போது ஆட்களைப் பிரித்துவைப்பதுதான் மருந்தில்லாத காலத்து மருந்து. துறைமுகத்துத் தோழர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘குவாரண்டைன்’ என்ற சொல்லே கப்பலோடு வந்த சொல். கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் நகரத்தார் வெளியூர்க் கப்பல்களை 40 நாள் கரைக்கு வரவிடாமல் நிறுத்திவைத்தார்கள். நாற்பது என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லிலிருந்து பிறந்ததுதான் குவாரண்டைன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் பாட்டன் பாட்டிகளும் மண்டபம் முகாமில் அடைபட்டு, மருந்து நீரில் குளித்து, துணியை வேகவைத்து, நாள் எண்ணிக் கிடந்துதான் கடல் தாண்டினார்கள். மலேயாவுக்குப் போனவர்களைப் பினாங்குக்குப் பக்கத்திலுள்ள ஜெரஜாக் தீவில் இறக்கி வைத்தார்கள். அடைபட்டுக் கிடப்பது நம் வர்க்கத்துக்குப் புதிதன்று.

அப்படியென்றால் 2020-ல் மட்டும் மனம் ஏன் இவ்வளவு நொறுங்கியது? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

“தனிமைதான் காரணம், மனிதன் சமூக விலங்கு, யாரையும் பார்க்காமல் இருந்தால் மனம் சோரும்” என்று எழுதினார்கள். சொந்தமாக அறை உள்ளவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் தனிமை எங்கே இருந்தது? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். வடசென்னையின் வீடு, எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள் என்று எண்ணிக் கட்டிய வீடல்ல. பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனால் இரவு ஷிப்டுக்காரன் வந்து அதே பாயில் படுப்பான். பிள்ளைகள் பள்ளிக்கூடம், கிழவர் தெருமுனைத் திண்ணை, இளைஞன் கேரம் மன்றம், தகப்பன் டீக்கடை பெஞ்சு. இவையெல்லாம் சேர்ந்ததுதான் நம் வீடு. தெருதான் நம் கூடம்! ஊரடங்கு வந்து கூடத்தைப் பூட்டியது. இரண்டு ஷிப்டும் ஒரே பாயில் வந்து விழுந்தன. “நோய் அறிகுறி இருந்தால் தனி அறையில் இருங்கள், தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள்” என்று ஒலிபெருக்கி வைத்து ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். நான்கு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை உள்ள சந்துக்குள்ளும் அதே குரல்தான் போயிற்று.

நம் ஆளுக்குத் தனிமை இல்லை. தனியாக உட்கார்ந்து அழுவதற்கு இடம் இல்லை, துன்பம் அதுதான்.

வேலையில்லாமல் வீட்டில் இருக்கத் தெரியாதவனா அவன்? அதுவும் இல்லை. காசிமேட்டு மீனவரைக் கேளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலத் தடை. அந்த இரண்டு மாதமும் வலை பின்னுவார், படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார், வண்ணம் அடிப்பார். கடன் வாங்குவார், முணுமுணுப்பார், அரசு தரும் நிவாரணம் போதாது என்று போராடுவார். ஆனால் பைத்தியம் பிடித்துப் போவதில்லை. ஏன்? நாள் தெரியும். ஜூன் 15 என்று ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளை நோக்கி அவர் மனம் நடந்துகொண்டே இருக்கிறது.

துறைமுகத்துக்கு வரும் கப்பல் மஞ்சள் கொடி ஏற்றும் மரபு உண்டு. சுகாதார அதிகாரி பார்த்து, நோயில்லை என்று அனுமதி கொடுத்தால் கொடி இறங்கும். கப்பலுக்குக்கூட ஒரு முடிவு உண்டு. முடிவைச் சொல்ல ஓர் ஆள் உண்டு.

பக்கிங்காம் ஆலையிலும் கர்நாடிக் ஆலையிலும் 1918-லும் 1921-லும் கதவடைப்பைப் பார்த்தவர்கள் நம் முன்னோர். இங்கிலீஷில் அதற்கு லாக்-அவுட் என்று பெயர். தொழிலாளி வெளியே, பூட்டு வாசலில். நூறாண்டு கழித்து வந்ததற்கு லாக்-டவுன் என்று பெயர் வைத்தார்கள். தொழிலாளி உள்ளே, பூட்டு அதே வாசலில்! இரண்டிலும் கூலி நின்றது. ஆனால் கதவடைப்பின்போது ஆலை வாசலில் ஆயிரம் பேர் ஒன்றாக நின்றார்கள். பட்டினியும் ஒன்றாக, கோபமும் ஒன்றாக. யார்மீது கோபப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. 2020-ல் கோபம் இருந்தது. அதை வைக்க இடம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிமீது எத்தனை நாள் கோபப்படுவது?

நாள் கணக்கைப் பாருங்கள். முதலில் 21 நாள் என்றார்கள். ஏப்ரல் 14 வரை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். பிறகு மே 3 என்றார்கள். பிறகு மே 17. பிறகு மே 31. அதற்குப் பிறகு மாதம் மாதமாக நீட்டினார்கள். கொஞ்சம் தளர்ந்தது என்று மூச்சு விட்டபோது ஜூன் 19 முதல் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு. அது ஜூலை 5 வரை நீண்டது. ஒவ்வொரு தேதியும் ஒரு வாக்குறுதி. ஒவ்வொரு வாக்குறுதியும் முடிகிற அன்று உடைந்தது. எவ்வளவு துன்பம் என்று தெரிந்தால் மனிதன் அதை மூட்டையாகக் கட்டித் தோளில் வைத்துவிடுவான். எடை தெரியாத மூட்டையை எப்படித் தூக்குவது? லோடு ஏற்றுகிற தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இது நம் கற்பனை அல்ல. 2003-ல் கனடாவின் டொரன்டோ நகரில் சார்ஸ் நோய் வந்தபோது தனிமைப்படுத்தப்பட்டவர்களில் 129 பேரைப் பிறகு ஆராய்ந்தார்கள். அவர்களில் 28.9 விழுக்காட்டினருக்கு, விபத்திலும் போரிலும் அடிபட்டவர்களுக்கு வருகிற அதிர்ச்சி நோயின் அறிகுறிகள் இருந்தன. 31.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. நாள் கூடக்கூட அறிகுறியும் கூடியது. வருமானம் குறைந்த வீடுகளில் அறிகுறி அதிகம். வசதியான நாட்டிலேயே இந்தக் கதி! 2020 பிப்ரவரி இறுதியில், அதாவது நம் ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்னதாக, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இதுபோன்ற 24 ஆய்வுகளைத் தொகுத்து ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். தேவைக்கு மேல் ஒரு நாளும் அடைக்காதீர்கள், சொன்ன தேதியை நீட்டாதீர்கள், ஏன் அடைக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், உணவும் மருந்தும் முன்கூட்டியே கொடுங்கள், வருமான இழப்பும் ஊரார் ஒதுக்குவதும்தான் மனத்தை நெடுநாள் வாட்டும் என்று அதில் இருக்கிறது. எழுதிய மை காய்வதற்குள் இங்கே அதற்கு நேர்மாறாக நடந்தது.

கூலியைப் பற்றிச் சொல்லாமல் மனத்தைப் பற்றிப் பேசுவது, சோற்றைப் பற்றிச் சொல்லாமல் பசியைப் பற்றிப் பேசுவது போன்றது.

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஓர் ஆணை போட்டது. ஊரடங்கு நாட்களுக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது. நல்ல ஆணை! கைதட்டினோம். மே 18-ல் அந்த ஆணை காலாவதியாகிவிட்டது. ஜூன் 12-ல் உச்சநீதிமன்றம், சம்பளம் கொடுக்காத முதலாளிமீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இருதரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. பட்டினி கிடக்கிறவனும் பண்டசாலை வைத்திருப்பவனும் உட்கார்ந்து பேசினால் யார் முதலில் எழுந்திருப்பான் என்பதை நாம் சொல்ல வேண்டுமா? அதுவும் நிரந்தரத் தொழிலாளிக்கு. காண்ட்ராக்ட் ஆளுக்கும், மீன் ஏலத்தில் கூடை தூக்குகிறவருக்கும், ஐஸ் உடைக்கிறவருக்கும், லாரியில் கிளீனராகப் போகிறவருக்கும் அந்த ஆணை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் ரேஷன் பொருளும் மாநில அரசு கொடுத்தது. கொடுக்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2021 ஊரடங்கில் 4,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்தது, அதையும் மறைக்கவில்லை. வாடகை, வட்டி, பிள்ளையின் செல்போன் வழிப் பாடத்துக்கு ரீசார்ஜ் இவற்றுக்கு முன்னால் அது எத்தனை நாள் நின்றது என்பதை வாங்கியவர்கள் அறிவார்கள்.

கன்டெய்னர் யார்டில் இருபதாண்டு வேலை செய்த தோழர் ஒருவர் நம்மிடம் சொன்னது இது: “சோறு போடும்போது அவ தட்டப் பாத்தாளா, என்னப் பாத்தாளான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அவ ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல. ஆனா எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.” சம்பாதித்துக் கொண்டுவந்து வைப்பதுதான் ஆண்மை என்று நமக்கு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். சம்பாத்தியம் நின்ற அன்று, குற்றம் செய்தவன் போல அவன் தன் வீட்டிலேயே கூனிக் குறுகினான். பூட்டியது யாரோ, குற்றவாளி இவன்!

இனித் தகரத்துக்கு வருவோம்.

சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் ஐந்தாவது ராயபுரம். 2020 ஜூன் தொடக்கத்தில் அந்த ஒரு மண்டலத்தில் மட்டும் நோயாளிகள் 3,000-ஐத் தாண்டி, நகரத்திலேயே முதலிடத்தில் இருந்தது. உடனே கிளம்பினார்கள் சிலர்: “வடசென்னைக்காரன் சொன்னால் கேட்கமாட்டான், கட்டுப்பாடு கிடையாது” என்று. நெருக்கம் யார் வைத்தது? ஒரு குழாய்க்கு ஐம்பது குடத்தை வரிசை வைத்தது யார்? அதைப் பற்றிப் பேச்சில்லை. பிறகு அண்ணா நகரும் கோடம்பாக்கமும் தேனாம்பேட்டையும் ராயபுரத்தைத் தாண்டிப் போயின. அப்போது கட்டுப்பாட்டைப் பற்றிய பேச்சைக் காணோம்!

நோய் வந்த வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். உள்ளே நுழையாதே என்று. தெருவின் இரு முனையிலும் சவுக்குக் கழி நட்டுத் தகரம் அடித்தார்கள். கிருமிக்குத் தகரம் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். நோய் பதினான்கு நாளில் போயிற்று. ஸ்டிக்கர் மாதக்கணக்கில் கதவிலேயே இருந்தது. கப்பலின் மஞ்சள் கொடியை இறக்கச் சொல்ல அதிகாரி உண்டு என்றோமே, இந்த மஞ்சள் கொடியை இறக்கச் சொல்ல யாரும் வரவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்த வீடுகள் உண்டு. சுரண்டிய பிறகும் பசையின் கறை நின்றது. அந்த வீட்டுப் பெண்ணைக் குழாயடியில் விலகி நிற்கச் சொன்னார்கள். அந்த வீட்டு ஆணை மறுபடி வேலைக்குச் சேர்க்க யோசித்தார்கள். யார் சொன்னது? மேட்டுக்குடி மட்டுமா? நாமும்தான், தோழர்களே! தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டவர்களின் தெருவிலேயே புதிய தீண்டாமை ஒன்று வந்து குந்திக்கொண்டது.

2020 டிசம்பர் 9 அன்று உச்சநீதிமன்றம், உரிய ஆணை இல்லாமல் நோயாளிகளின் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டக்கூடாது என்றது. ஒட்டச் சொல்லி நாங்கள் உத்தரவிடவே இல்லை என்று மத்திய அரசும் சொன்னது. அடேயப்பா! உத்தரவிடாத ஸ்டிக்கர் மார்ச்சிலேயே ஒட்டப்பட்டது. தவறு என்ற சொல் டிசம்பரில் வந்தது. இடையில் இருந்த ஒன்பது மாதம் யாருடைய நெஞ்சில் எழுதப்பட்டது?

பயம் எந்த அளவுக்கு மனிதரை மாற்றியது என்பதற்கு ஓர் இரவு போதும். 2020 ஏப்ரல் 19. கொரோனாவில் இறந்த நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தடுத்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள்; அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. அவருடன் வேலை செய்த இன்னொரு மருத்துவர், ஆட்கள் ஓடிவிட்ட பிறகு, தானே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். மருத்துவருக்கே இது என்றால் மற்றவர்க்கு? தகப்பன் முகத்தைப் பார்க்காமல், பிளாஸ்டிக்கில் சுற்றிய பொதியைத் தூரத்தில் நின்று பார்த்து, பறை இல்லாமல், எட்டாம் நாள் இல்லாமல், நாலு பேர் வந்து தோளைத் தொடாமல் திரும்பிய மகன்கள் நம் தெருவில் எத்தனை பேர்? துக்கம் என்பது ஊர் கூடி இறக்கிவைக்கும் சுமை. ஊர் கூடாததால் அது இறங்கவே இல்லை. அன்று அழாதவன் இன்று, யாரோ ஒருவர் வீட்டுச் சாவில், சம்பந்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். பார்க்கிறோமே!

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்; மழுப்பிப் பயனில்லை. டாஸ்மாக் கடை மார்ச் 24-ல் மூடியது. மே மாதம் வெளி மாவட்டங்களில் திறந்தார்கள். சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. குடி ஒழிந்தால் நல்லதுதானே என்று நாமே சொன்னோம். ஆனால் இருபது ஆண்டு தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும், வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். இது நோய், வைத்தியம் உண்டு, வைத்தியம் பார்க்காவிட்டால் உயிர் போகும். இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்த வீடுகள் உண்டு. கொடுங்கையூரில் அல்ல, காட்டு ஊரில் அல்ல, தமிழ்நாடு முழுவதும் இதே கதை. செங்கல்பட்டுப் பக்கம் வார்னிஷைக் கலந்து குடித்தவர்கள் மாண்ட செய்தியும் வந்தது. கேரளத்தில் மருத்துவர் சீட்டு எழுதினால் சாராயம் கொடுக்கலாம் என்று அரசு ஆணை போட்டு, உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. குடிக்கக் கொடுப்பதா, கொடுக்காமலிருப்பதா என்றுதான் வாதம் நடந்தது. மருந்து கொடுத்து மெல்ல மீட்பது என்ற மூன்றாவது வழி ஆஸ்பத்திரியில் இருந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டுவர ஆள் இல்லை.

வெளியே வைக்க இடமில்லாத கோபம் வீட்டுக்குள் யார்மீது விழுந்தது? இந்த இடத்தில் சில தோழர்கள் ஏட்டை மடித்துவைக்க விரும்புவார்கள். மடிக்காதீர்கள். 2020 ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் புகாருக்கென்று வாட்ஸ்அப் எண் ஒன்றைத் தனியாக அறிவித்தது. அடிக்கிறவன் பக்கத்திலேயே இருக்கும்போது போனில் பேச முடியாது, எழுதத்தான் முடியும் என்பது அதன் பொருள். முதலாளியிடம் காட்ட முடியாத வீரத்தைப் பெண்டாட்டியிடம் காட்டியவன், மனம் கெட்டுப் போயிருந்தேன் என்று சொன்னால் காரணம் புரிகிறது. மன்னிப்பு அவள் கையில்தான் இருக்கிறது.

இவையெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டன? அரசின் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2020-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,53,052 பேர். அவர்களில் தினக்கூலிகள் 37,666 பேர். முந்தைய ஆண்டில் தினக்கூலிகள் 32,563. அடுத்த ஆண்டு, 2021-ல், 42,004. மாநில வரிசையில் 2020-ல் தினக்கூலிகளின் சாவில் முதலிடம் யாருக்கு? தமிழ்நாட்டுக்கு, 6,495 பேர். எல்லாவற்றையும் ஊரடங்கின் கணக்கில் எழுதிவிட நாம் அவசரப்படவில்லை. ஊரடங்குக்கு முன்பும் இந்த எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான்கில் ஒருவர் தினக்கூலி என்ற பிறகும், மனநோய் பணக்காரன் நோய் என்று சொல்கிறவன் வாயை என்னவென்பது!

அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. அடைபட்ட வீடுகளுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித்தர மாநகராட்சி இளைஞர்களைத் தன்னார்வலர்களாகத் தெருத்தெருவாக அனுப்பியது. அந்தப் பிள்ளைகள் நன்றாகவே உழைத்தார்கள். காய்ச்சல் முகாம் நடந்தது. துப்புரவுத் தோழர்கள் ஒரு நாளும் வீட்டில் இருக்கவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் முகாம்களுக்குப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்களை அனுப்ப வேண்டும் என்று 2020 மார்ச் 31-லேயே உச்சநீதிமன்றம் சொன்னது. ஆகவே மனத்துக்கும் மருந்து வேண்டும் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆனால் ஊரடங்குக்கு அவர்கள் எடுத்த ஆயுதங்களில் ஒன்று 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாய்ப் பிளேக் காலத்தில் வெள்ளைக்காரன் அவசரமாக எழுதிய நாலு பிரிவு. அதில் அதிகாரம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, அதிகாரிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கூலி என்ற சொல் இல்லை.

இன்னொரு நோய் வரும். வராது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. எனவே சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். அடைப்பதென்றால் முடியும் நாளைச் சொல்லி அடை. நீட்டினால் நீட்டுகிற நாளுக்கும் கூலி கொடுத்து நீட்டு. காண்ட்ராக்ட் ஆளுக்கும் கூடை தூக்குகிறவருக்கும் அது கிடைக்க வேண்டும். மீன்பிடித் தடைக்கு நிவாரணம் உண்டென்றால் மனிதப் பிடித் தடைக்கு ஏன் கூடாது? கதவில் எதையும் ஒட்டாதே. சாவுக்கு நாலு பேராவது பாதுகாப்போடு வந்து நிற்க வழி செய். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் வாரத்தில் ஒரு நாளாவது மனநல மருத்துவர் உட்காரட்டும்.

இ.எஸ்.ஐ. என்றதும் நினைவுக்கு வருகிறது. அதன் நீண்டகால நோய்ப் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு கடுமையான மனச்சோர்வும் மனச்சிதைவும் இருக்கின்றன. சந்தா நிபந்தனை நிறைவேறியவருக்கு 80 விழுக்காடு ஊதியத்தோடு விடுப்பு உண்டு. நம் கிளைச் செயலாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை ஒடிந்தவனுக்கு மனு எழுதத் தெரிந்த நாம், மனம் ஒடிந்தவனுக்கு இதுவரை எத்தனை மனு எழுதினோம்?

தடையாக நிற்பது வெட்கம். நம் ஊரில் 1794-ல் இருந்து மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில். அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று கேலி பேசுகிறவன் பக்கத்திலேயே ஒருவன் வாய் திறக்காமல் செத்துக்கொண்டிருக்கிறான். கீழ்ப்பாக்கம்தான் போகவேண்டும் என்பதில்லை. ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கக் காசில்லை. வீட்டிலிருந்தே பேச 14416 என்ற எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். 104-ம் உண்டு. சென்னையில் ‘சிநேகா’ என்ற அமைப்பு 1986 முதல், சாக நினைப்பவர்களிடம் பேசிப் பேசி மீட்டுக்கொண்டிருக்கிறது.

கிளைக் கூட்டத்தில் அடுத்த முறை வரவு செலவு படித்து முடித்ததும் ஒரு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பேச்சாளர் வேண்டாம். கூட்டத்துக்கு வராமல் நின்றுபோனவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். 2020-க்குப் பிறகு வராதவர்களை முதலில். இரண்டு பேராகப் போங்கள். சந்தா கேட்காதீர்கள். தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்று சொன்னால், அவரோடு ஸ்டான்லிக்கு ஒரு தோழர் போய் வரட்டும். போகிறவருக்கு அரை நாள் கூலி போகும். அதைக் கிளை நிதியிலிருந்து கொடுத்துவிடலாம். கணக்குப் புத்தகத்தில் ‘இதரச் செலவு’ என்று ஒரு வரி ஏற்கெனவே இருக்கிறது.